உதாரணத்துக்கு ஓர் ஆள்

பாட்டில் தொழிற்சாலையை மூடி ஒன்பது மாதம் கழித்து அவருக்கு வேலை கிடைத்தது. வேலையில்லாதவராக இருக்கிற வேலை.

அந்தக் கல்லூரியில் சமூகவியல் துறை என்று ஒன்று இருந்தது. மனிதர்களுக்கு என்னென்ன கஷ்டம் வருமோ அதெல்லாம் ஏன் வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம். கஷ்டத்தைத் தீர்த்து வைக்கிற இடம் வேறு. அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இந்தத் துறையில் எந்தக் கஷ்டத்துக்கும் இரண்டு விளக்கம் தயாராக இருக்கும். ஒன்று தனிமனிதக் காரணம்: ஆள் சரியில்லை. இன்னொன்று அமைப்புக் காரணம்: ஆளைத் தவிர மற்ற எதுவும் சரியில்லை. முதலாவதை நடத்த ஒரு பேராசிரியர், இரண்டாவதை நடத்த ஒரு பேராசிரியை. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் புத்தகத்தை வைத்தே ஓட்டிவிட்டார்கள். அந்த வருஷம் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி எல்லாப் பாடமும் உயிருள்ள உதாரணத்தோடு நடக்க வேண்டுமாம். விலங்கியல் துறை தவளை வாங்கியது. சமூகவியல் துறை பாட்டில்காரரை எடுத்தது.

பாட்டில்காரர் என்பது தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்ட பெயர். அச்சிலிருந்து இறங்கி வருகிற பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் உண்டா குமிழி உண்டா என்று சொல்வது அவர் வேலை. பத்தொன்பது வருஷம் அதைத்தான் பார்த்தார். வேலை போனதும் வாடகை வீடும் போனது. மனைவியின் தம்பி மின்விசிறிக் கடை வைத்திருந்தான். அவன் வீட்டின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் புருஷனும் பெண்டாட்டியும் படுத்துக்கொண்டார்கள். பெட்டி குறைந்த மாதம் காலை நீட்டலாம்.

நேர்முகத் தேர்வில் துறைத் தலைவர் நடுவிலும் மற்ற இருவரும் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்கு ஏன் வேலை இல்ல?" என்றார் தலைவர்.

"ஃபேக்டரிய மூடிட்டாங்க சார்."

அமைப்புப் பேராசிரியை கண்ணை மூடித் திறந்தார். பிடித்த பாட்டைக் கேட்ட மாதிரி.

"சரி, அப்புறம் ஒன்பது மாசம் என்ன பண்ணீங்க?" இது தனிமனிதப் பேராசிரியர்.

"வேலை தேடினேன்."

"எத்தன இடத்துல?"

"முப்பத்தெட்டு இடம்."

"முப்பத்தொன்பதாவது இடத்துல கெடச்சிருக்கலாம் இல்லையா?"

பாட்டில்காரர் யோசித்துப் பார்த்தார். கிடைத்திருக்கலாம்தான்.

"குடிப்பீங்களா?"

"நாலு பேரு சேர்ந்தா, எப்பவாவது..."

"போதும், போதும்," என்று பேராசிரியர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டார். இரண்டு விளக்கத்துக்கும் இவ்வளவு தோதான ஆள் அமைவது அபூர்வம் என்று ஏகமனதாக முடிவானது.

உத்தரவு மூன்று பக்கம் இருந்தது. பதவி: உதாரணம், இரண்டாம் நிலை. முதல் நிலையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, இன்னும் யாரும் இல்லை, பணிமூப்பு வந்தால் நீங்களே ஆகலாம் என்றார்கள். பணிக்காலத்தில் வேறு எந்த வேலையிலும் சேரக் கூடாது. வேலையின்மையைக் கண்ணியத்தோடு கடைப்பிடிக்க வேண்டும். ஆறு மாதம் தகுதி பார்ப்பார்கள். தேறினால் பதவி நிரந்தரம், ஊழியர் குடியிருப்பில் ஒன்பதாம் எண் வீடு.

அவர் மனைவி அன்றைக்கே போய் ஒன்பதாம் எண்ணை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு அறை. வாசலிலேயே குழாய். கிழக்கே ஒரு ஜன்னல். ஜன்னலின் அகலத்தை முழம் போட்டு அளந்தும் வந்துவிட்டாள்.

மைத்துனனுக்கும் சந்தோஷம். "பாத்தீங்களா மச்சான், மனசு வச்சா வேலை கெடைக்கும்னு நான் அப்பவே சொன்னேன். ஆறு மாசம் தாராளமா இருங்க. அதுக்கப்புறம் எனக்கு அந்த ரூம் வேணும், வெயில் காலச் சரக்கு வந்துரும்."

"ஆறு மாசத்துல வீடு குடுத்துருவாங்க மாப்ள."

"குடுக்கலன்னா?"

"குடுத்துருவாங்க."

வேலை என்னவோ சுலபம்தான். வகுப்பில் மேடைமேல் ஒரு நாற்காலி. அதில் உட்கார வேண்டும். திங்களும் புதனும் தனிமனிதக் காரணம். செவ்வாயும் வியாழனும் அமைப்புக் காரணம். வெள்ளிக்கிழமை இரண்டும் சேர்ந்த மறுபார்வை. அந்த ஒரு நாள் மட்டும் தலை வலிக்கும்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வரிசையாக எழுந்து கேள்வி கேட்பார்கள்.

"நீங்க காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"அஞ்சு மணிக்கு."

பேராசிரியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "அஞ்சு மணின்னு சொன்னா பிள்ளைங்க குழம்பிடுவாங்க. திங்கள், புதன் மட்டும் எட்டரைன்னு சொல்லுங்க."

"எந்திரிக்கிறது அஞ்சு மணிக்குத்தானே சார்."

"எந்திரிங்க, வேணாங்கல. எந்திரிச்சதச் சொல்லாதீங்க."

இந்தப் பேராசிரியர் தன்னைப் பற்றி அடிக்கடி ஒன்று சொல்வார். "நான் யாரோட உதவியும் இல்லாம, சொந்தக் கால்ல நின்னு இந்த இடத்துக்கு வந்தவன்." அவர் அதைச் சொல்கிற கூடத்துக்கு அவருடைய அப்பாவின் பெயர். அப்பா அந்தக் கல்லூரியில் பதினான்கு வருஷம் முதல்வராக இருந்தவர். சுவரில் மாட்டிய படத்திலிருந்து மகன் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை யாரும் பாட்டில்காரரை எதுவும் கேட்க மாட்டார்கள். அமைப்புப் பேராசிரியை பலகையில் பெரிய பெரிய பெட்டிகளாக வரைவார். சந்தை, அரசு, மூலதனம், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலிருந்தும் அம்பு கிளம்பிக் கீழே வரும். எல்லா அம்பும் முட்டுகிற இடத்தில் ஒரு சின்ன வட்டம். அது பாட்டில்காரர். வட்டத்துக்கு மூக்கு இல்லை, கண் இல்லை. பேராசிரியை மரியாதையானவர். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் அவரிடம் வந்து சொல்வார்:

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க."

"சரிம்மா. அப்ப நான் என்ன செய்யணும்?"

"நீங்க எதுவும் செய்ய முடியாது. அதுதான் பாடமே."

இதே பேராசிரியை, வகுப்புக்கு இரண்டு நிமிஷம் பிந்தி வருகிற பிள்ளையை உள்ளே விட மாட்டார். பஸ் வரவில்லை என்று ஒருத்தி சொன்னபோது, "பஸ் வராதுன்னு தெரியுதுல்ல, முன்னாடியே கிளம்பறதுக்கு என்ன?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். அந்தப் பெண் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு வியாழக்கிழமை பாட்டில்காரர் வாயைத் திறந்தார். "ஏம்மா, எங்க ஃபேக்டரில ஒரு கணக்கு உண்டு. ஒரு பாட்டில் மட்டும் கீறியிருந்தா, தூக்கி வச்ச கை சரியில்ல. பத்துப் பாட்டிலும் ஒரே எடத்துல கீறியிருந்தா, அச்சு சரியில்ல."

பேராசிரியை சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அச்சு சரியில்லன்னா உடனே மெஷின நிறுத்திட்டு ஃபிட்டரக் கூப்பிடுவோம்மா."

"அது வேண்டாம். முதல்ல சொன்னது மட்டும் போதும்."

'அச்சும் கீறலும்' என்று அவர் எழுதிய கட்டுரை இரண்டு மாதத்தில் அச்சில் வந்தது. அதில் ஃபிட்டர் வரவில்லை.

பாட்டில்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சும்மா உட்கார வராது. மேடை நாற்காலி ஆடியது. காலுக்கு ஆப்பு வைத்து அடித்தார். ஜன்னல் கொக்கி கழன்றிருந்தது, மாட்டினார். நாலு மாதமாகச் சுற்றாத மின்விசிறியைச் சுற்ற வைத்தார். அடுத்த வாரம் கையில் ஒரு குறிப்பாணை வந்தது. 'பதவிக்குப் பொருந்தாத சுறுசுறுப்பு.' நிரந்தரம் ஆகிற ஆளுக்கு இது கறை என்று துறைத் தலைவர் ஜாடையாகச் சொன்னார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாமல் இருப்பதைத்தான் அவர்களும் எதிர்பார்த்தார்கள்.

அதிலிருந்து மனைவி அவரை வீட்டிலேயே தயார்செய்து அனுப்பினாள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"அப்ப யாரு தப்பு?"

"என் தப்பு."

"எத்தன மணிக்கு எந்திரிச்சீங்க?"

"எட்டரை."

"தலைய ஏன் இப்படிச் சீவியிருக்கீங்க? கலைச்சு விடுங்க. ஒன்பதாம் நம்பர் வேணுமா வேண்டாமா?"

போகப் போக அந்தக் கிழமைக் கணக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. திங்கள், புதனில் பால் பொங்கி வழிந்தால் அவள் தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள். செவ்வாய், வியாழனில் வழிந்தால், "அடுப்பு அப்படி, பாத்திரம் அப்படி, யாரை என்ன சொல்றது," என்று துடைத்துவிட்டுப் போவாள். வேலை முடிந்து வந்தவரிடம் கதவிலேயே கேட்பாள்: "இன்னைக்கு யாரு தப்பாம்?" அவர் பதில் சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அட்டைப்பெட்டிக்கு அந்தப் பக்கம் மைத்துனன் இருமுவான்.

ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது தர ஆய்வாளர் வந்தார். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பாடம் தரமாக நடக்கிறதா என்று பார்த்து, ஏ, பி என்று ஒரு எழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். அவர் போடுகிற எழுத்தை நம்பித்தான் துறை உயிரோடு இருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பாட்டில்காரருக்கு அடிக்கவில்லை, இரண்டு நாள் தாடி விடச் சொன்னார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேண்டும் என்பது கல்லூரி விதி. அவர் விதியை மீறாதவர். சட்டைக்கு வெளியே தொங்கவிட்டு, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தார்.

துறைத் தலைவர் வரவேற்றுப் பேசினார். "மத்த துறைங்க வேலையின்மையப் பத்திப் பேசுவாங்க. நாங்க வேலையின்மையையே கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கோம். காலைல ஒன்பதுலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் மாணவர்களோட உபயோகத்துக்கு இருக்கும். சனி, ஞாயிறு மட்டும் விடுமுறை."

ஆய்வாளர் பிள்ளைகளைப் பார்த்து, "இவருக்கு ஏன் வேலை இல்லை?" என்று கேட்டார்.

ஒருவன் எழுந்து விடாமுயற்சிக் குறைவு, தாமதமாக எழுதல், குடிப்பழக்கம் என்று மூன்று காரணம் சொன்னான். இன்னொருத்தி எழுந்து நான்கு பெட்டியையும் அம்போடு சொன்னாள். இரண்டு பேராசிரியர்களும் பெருமையோடு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

முதல் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள். "சார், அவருக்குத்தான் வேலை இருக்கே?"

"என்ன வேலை?"

"இந்த வேலைதான் சார். கழுத்துல கார்டு இருக்கே."

ஆய்வாளர் மேடை ஏறி அட்டையைக் கையில் எடுத்துப் படித்தார். திருப்பியும் படித்தார். "எத்தன மாசமா?"

"அஞ்சரை மாசமா சார்," என்றார் பாட்டில்காரர்.

"ஒழுங்கா வர்றீங்களா?"

"ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல சார்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். அஞ்சரை மாதமாக இந்தத் துறை, வேலையில் இருக்கிற ஒருவரைக் காட்டி வேலையின்மையை நடத்தியிருக்கிறது. உதாரணம் போலி என்று எழுதினார். இரண்டு வாரத்துக்குள் உண்மையான உதாரணத்தைக் காட்டாவிட்டால் எழுத்து கிடையாது.

அன்று சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். பாட்டில்காரரை வாசலில் ஒரு முக்காலியில் உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தாது. அதையும் சரிசெய்ய நினைத்துக் குறிப்பாணைக்குப் பயந்து விட்டிருந்தார். உள்ளே பேசியது முழுக்கக் கேட்டது.

"இது முழுக்க முழுக்க அவரோட பலவீனம்," என்றார் தனிமனிதப் பேராசிரியர். "வேலை கெடச்ச உடனே ஒத்துக்கிட்டாரு. வேலையில்லாம இருக்கறதுல ஒரு உறுதி வேணும்."

"நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன்," என்றார் பேராசிரியை. "நியமனம்ங்கிற அமைப்புக்குள்ள வந்துட்டாலே யாரா இருந்தாலும் வேலையாள் ஆயிடுவாங்க. அவரை அதுலேருந்து விடுவிக்கணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். உள்ளே கைதட்டல் கேட்டது.

வெள்ளிக்கிழமை தலைவர் அவரை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். முன்பெல்லாம் உட்காரச் சொல்ல மாட்டார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இந்த முடிவை யாரும் எடுக்கல. முடிவு வந்துச்சு. உங்கள மாதிரி ஒரு உதாரணம் எங்களுக்குத் திரும்பக் கெடைக்காது. அதனாலதான் உங்களையே வச்சுக்கலாம்னு பாக்கறோம். வேலைய மட்டும் எடுத்துடறோம். திங்கட்கிழமைலேருந்து நீங்க கௌரவ உதாரணம்."

"சம்பளம் சார்?"

"சம்பளம் குடுத்தா மறுபடி போலியாயிடுவீங்களே."

"ஒன்பதாம் நம்பர் வீடு?"

"திங்கட்கிழமை வாங்க, பாக்கலாம்."

பணிநீக்க உத்தரவில் 'காரணம்' என்ற இடத்துக்கு எதிரே இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் தனிமனிதம், ஒன்றில் அமைப்பு. எதில் குறி போடுவது என்று இரண்டு பேராசிரியர்களும் ஒரு மணி நேரம் சண்டை போட்டு, முடிவில் அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"நீங்க மூணு பேரும் சேர்ந்து நீக்கியிருக்கீங்க. அத எங்க சார் போடறது?"

தலைவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையே," என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை அவர் போனார். வீட்டைப் பற்றி 'பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்களே, அதற்காகப் போனார். மனைவி தலையைச் சீவிவிட்டாள், கலைக்கச் சொல்லவில்லை.

தனிமனிதப் பேராசிரியருக்கு அன்று நல்ல உற்சாகம். "போன வாரம் வரைக்கும் இவர்கிட்ட வேலை இருந்துச்சு. இன்னைக்கு இல்ல. ஏன்? எல்லாரும் எழுதுங்க, மதிப்பெண் உண்டு."

பிள்ளைகள் எழுதினார்கள். அட்டையை மறைக்கத் தெரியாதது. அளவுக்கு மீறிய ஒழுங்கு. லீவு போடாத குணம். முதல் பெஞ்சுப் பெண் ஒரே வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். பேராசிரியர் அதை எடுத்துச் சத்தமாகப் படித்தார்: "துறை அவரை நீக்கிவிட்டது."

மற்ற பிள்ளைகள் தங்கள் தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

"இது விளக்கம் இல்லம்மா," என்றார் பேராசிரியர் பொறுமையாக. "இது நடந்தது. நாம கேக்கறது காரணம்." பக்கத்தில் பூஜ்யம் போட்டார்.

"சார்," என்றார் பாட்டில்காரர். உதாரணம் தானாகப் பேசுவது வழக்கமில்லை. எல்லோரும் திரும்பினார்கள். "நான் பத்தொன்பது வருஷம் பாட்டில் பாத்தவன். கை தப்பா, அச்சு தப்பான்னு சொல்லத் தெரியும். இது ரெண்டும் இல்ல சார். பாட்டில் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க மூணு பேரும் தூக்கிப் பாத்தீங்க, நல்லா இருக்குன்னு சொன்னீங்க, கீழ போட்டுட்டீங்க. இப்ப சில்ல வச்சுக்கிட்டு ஏன் ஒடஞ்சதுன்னு பிள்ளைங்களக் கேக்கறீங்க."

பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பி, காரணங்களின் பட்டியலில் கடைசியாக ஒன்று சேர்த்தார்: உணர்ச்சிவசப்படுதல்.

பாட்டில்காரர் எழுந்து துறைத் தலைவரின் அறைக்குப் போனார். தலைவர் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். விதி தெளிவாக இருக்கிறதாம். ஊழியர் குடியிருப்பு ஊழியர்களுக்கு மட்டும். வேலையில்லாதவருக்கு ஒதுக்க வழி இல்லை. "ஆனா வீடில்லாமையும் எங்க பாடத்திட்டத்துல இருக்கு," என்றார் தலைவர். "அடுத்த பருவத்துல வருது. உங்களுக்கு சம்மதம்னா இப்பவே பேரைக் குறிச்சு வச்சுக்கறேன்."

அவர் வெளியே வந்துவிட்டார். வரும் வழியில், மேடை நாற்காலியின் காலில் தான் அடித்த ஆப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவு தூரம் திரும்பி நடக்க மனம் வரவில்லை.

வீட்டு வாசலில் மின்விசிறிப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. வெயில் காலச் சரக்கு. மைத்துனன் அவற்றை எண்ணுவதுபோலக் காட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "அக்கா உள்ள இருக்கா மச்சான்," என்றான்.

பின்னறையில் மனைவி பாத்திரங்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஜன்னல் திரை மடித்து வைத்திருந்தது. எப்போது தைத்தாள் என்று அவருக்குத் தெரியாது. ஒன்பதாம் எண்ணின் அகலம். அதையும் மூட்டையில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

"இன்னைக்கு யாரு தப்பாம்?" என்று கேட்டாள், நிமிராமல்.

"திங்கக்கெழமதானே. என் தப்புதான்."

"நாளைக்கு?"

"நாளைக்கு யாரு தப்பும் இல்ல."

அவள் மூட்டையின் முடிச்சை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினாள்.

"அப்ப நாளைக்கே காலி பண்ணுவோம்," என்றாள். "வண்டிக்காரனக் காலைல வரச் சொல்லுங்க."